டென்னிஸ் புரூட்டஸ்: முதலில் எந்தத் தொகுப்பு?

நிறவெறித் தென்னாப்பிரிக்காவை ஒலிம்பிக்கிலிருந்து வெளியேற்றப் போராடிய முன்னோடி, கவிஞர் டென்னிஸ் புரூட்டஸ் (1924–2009). அவரைப் புதிதாகப் படிப்பவர்கள் ‘லெட்டர்ஸ் டு மார்த்தா’ (1968) கவிதைத் தொகுப்பில் தொடங்குவதே நல்லது.

முதல் தொகுப்பான ‘சைரன்ஸ், நக்கிள்ஸ், பூட்ஸ்’ 1963இல் நைஜீரியாவின் இபாடானில் வெளியானது. அப்போது அவர் சிறையில். நாட்டையே காதலியாக்கிப் பாடும் செறிவான மொழி. வெறும் காதல் கவிதையாக வாசித்தால் அரசியல் நழுவிவிடும்.

‘மார்த்தா’ நேர் எதிர். அவர் அடைபட்டிருந்த ராபன் தீவுச் சிறையின் பயம், தனிமை, சக கைதிகள், ஜன்னலில் தெரியும் விண்மீன்கள் எல்லாம் பேச்சுக்கு நெருங்கிய வரிகளில் வருகின்றன. தனிச்சிறையில்தான் அலங்காரத்தைக் கைவிட முடிவெடுத்தார். கவிதை வெளியிடத் தடை இருந்ததால், சகோதரரின் மனைவி மார்த்தாவுக்குக் கடிதங்களாக எழுதினார். கவிதைகளுக்கு எண் உண்டு. அந்த வரிசையிலேயே படியுங்கள். உதிரியாகப் படித்தால் அச்சம் மெல்ல மெல்ல மனத்தெளிவாக மாறுவது பிடிபடாது.