கைமுட்டிக் கணக்கில் பெரிய திரை: வீட்டு ரிவியா, ஊர் மண்டபமா, சென்னை ஐமாக்ஸா?

போன கிழமை யாழ்ப்பாணத்தில் மருமகன் கேட்டான்: "மாமா, பலாலியில ஏறினா ஒண்டரை மணித்தியாலத்தில சென்னை. ஐமாக்ஸில படத்தைப் பார்த்திட்டு அடுத்த நாள் திரும்புவமோ?"

விசா, விமான ரிக்கெற், ஓர் இரவு தங்குமிடம், கூட வரும் மருமகனின் சாப்பாடு. ஒரு படத்துக்கு இவ்வளவு செலவா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. முந்தி இதே ஆசையில் நான் யாழ்தேவி ரயில் ஏறிக் கொழும்புக்குப் போனவன். அதனால், போவதற்கு முதல் அளந்து பார்ப்போம் என்றேன்.

அளக்க ரேப் வேண்டாம். இருக்கிற இடத்தில் இருந்தபடி கையை முழுதாக நீட்டி, விரல்களைப் பொத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு திரையின் ஓரத்தில் வையுங்கள். நீட்டிய கையின் முட்டி (கள்ளு முட்டி இல்லை, கைமுட்டி) கிட்டத்தட்ட பத்துப் பாகை. இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம் வரை எத்தனை முட்டி போகிறது என்று எண்ணினால், உங்கள் கண்ணுக்குத் திரை எவ்வளவு பெரிது என்று தெரிந்துவிடும். விளம்பரத்தில் போடும் அடிக்கணக்கு தியேட்டர்காரருக்கு, பார்க்கிறவருக்கு முட்டிக்கணக்குத்தான்.

எங்கள் வீட்டு 55 அங்குல ரிவி நாலடி அகலம். ஒன்பது அடி தள்ளிக் கதிரை. இரண்டரை முட்டி. சினிமாஸ்கோப் (அகலத் திரைப்) படம் என்றால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து உயரமும் குறையும். வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், தேத்தண்ணி ஊத்தலாம். வீட்டைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் இரண்டரை முட்டி என்பதும் ஒரு காலத்தில் எங்களுக்குப் பெரிய சொகுசாக இருந்திருக்கும். 1990இல் குடாநாட்டில் மின்சாரம் போனபின், படம் என்றால் ரிவி, வீடியோ டெக், ஜெனரேற்றர் மூன்றையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுப்பதுதான். ஒரு மூடி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். முற்றத்தில் 21 அங்குலப் பெட்டி. அயலட்டைச் சனம் எல்லாம் பாயில். விடிய விடிய மூன்று படம், நாலு படம். பன்னிரண்டு அடி தள்ளி இருந்தவனுக்கு அந்தத் திரை ஒரு முட்டிக்குள் அடங்கிவிடும். ஜெனரேற்றர் போடுகிற சத்தத்தில் வசனம் பாதி கேளாது. அப்போது யாரும் அளக்கவில்லை. கரண்ட் இருந்ததே போதும்.

அதற்கு முந்திய யாழ்ப்பாணம் வேறு. ராஜா, வின்சர், றீகல், வெலிங்டன், ராணி, லிடோ, மனோகரா, சாந்தி, ஸ்ரீதர் என்று நகரத்துக்குள் அடுக்கிச் சொல்லலாம். றீகல் என்றால் ஆங்கிலப் படம். இருந்த ஆசனத்தை வைத்தே ஆளின் பொக்கற்றை மதிப்பிடலாம்: முன்னால் கலரி, பின்னால் போகப் போகக் காசு கூட, மேலே பல்கனி. வேடிக்கை என்னவென்றால், முட்டிக்கணக்கில் அதிகம் கிடைத்தது மலிவான ரிக்கெற்றுக்கு. கலரிக்காரன் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு எட்டு, ஒன்பது முட்டி பார்த்தான். பல்கனியில் வேட்டி கசங்காமல் இருந்தவருக்கு மூன்றோ மூன்றரையோதான்.

அந்த மண்டபங்களில் எனக்கு இன்றும் மறக்காதது ஒரு சின்ன விஷயம். விளம்பரம், செய்திப்படம் எல்லாம் நடுவில் ஒரு சதுரத்துக்குள் ஓடும். பிறகு படம் தொடங்கும் நேரம், திரையின் இரண்டு பக்கமும் நின்ற கறுப்புத் துணி கிறீச் என்று விலகும். விலகிக்கொண்டே போகும். கலரியில் விசில் கிளம்பும். கதாநாயகன் வருவதற்கு முதலே அந்தத் துணிக்கு ஒரு விசில்.

அந்த விசிலுக்குப் பின்னால் ஒரு வியாபாரச் சண்டை இருக்கிறது. அமெரிக்காவில் ரிவி வீடு வீடாக நுழைய, தியேட்டருக்குச் சனம் குறைந்தது. வீட்டில் கிடைக்காத ஒன்றைக் காட்டவேண்டிய கட்டாயம். 1952இல் நியூயோர்க்கில் சினராமா வந்தது: மூன்று புரொஜெக்ரர், ஒரே வளைந்த திரை, 146 பாகை. எங்கள் கணக்கில் பதினாலரை முட்டி. கண் போகிற இடமெல்லாம் படம். ஆனால் மூன்று படமும் பொருந்தும் இடத்தில் இரண்டு கோடு நடுங்கும். ஒரு றீல் அறுந்தால் மற்ற இரண்டும் காத்து நிற்கவேண்டும். மூன்று இயந்திரத்துக்கு மூன்று ஆள் சம்பளம்.

அடுத்த வருடமே, 1953இல், ஃபொக்ஸ் நிறுவனம் சினிமாஸ்கோப்பைக் கொண்டுவந்தது. அது ஒரு லென்ஸ் வித்தை. பிரெஞ்சுக்காரர் ஆன்றி கிரெத்தியென் 1920களிலேயே கண்டுபிடித்தது. படம் பிடிக்கையில் அகலத்தை இரண்டு மடங்கு நெருக்கி, வழக்கமான 35 எம்.எம். பிலிமுக்குள் அடக்குவது, காட்டுகையில் இன்னொரு லென்ஸால் விரிப்பது. தியேட்டர் முதலாளிக்கு ஒரு லென்ஸும் அகலமான திரையும் போதும், பழைய புரொஜெக்ரரே ஓடும். சினராமாவை இது வென்றதற்கு வேறு காரணம் தேடவேண்டாம். யாழ்ப்பாணம் மாதிரி ஊர்களுக்கு அகலத் திரை வந்து சேர்ந்ததும் அந்த மலிவால்தான். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் வர 1973 ஆயிற்று: 'ராஜராஜ சோழன்'.

70 எம்.எம். மூன்றாவது வழி. 1955இல் டொட்-ஏஓ என்ற பெயரில் வந்தது. பிலிமின் அகலமே இரட்டிப்பு. காமெராவில் 65 எம்.எம்.; தியேட்டர் பிரதியில் கூடுகிற 5 எம்.எம். காந்த ஒலிப்பட்டைகளுக்கு. ஆறு தடத்தில் ஒலி. மூன்று புரொஜெக்ரர் தந்ததை ஒரே ஓட்டையால் தரலாம் என்பது எண்ணம். எண்ணம் சரி; விலைதான் சரியில்லை. அதனால்தான் பலர் 35இல் எடுத்து 70க்குப் பெருப்பித்தார்கள். 'ஷோலே' 1975இல் வந்தது அப்படித்தான். தமிழில் முதல் 70 எம்.எம். என்று 1986இல் 'மாவீரன்' வந்தபோது, எங்கள் ஊரில் "செவன்ரி எம்.எம்." என்பது பெரிசு எதற்கும் அடைமொழி ஆகிவிட்டது. வாய் பெரிய ஆளுக்கும் அந்தப் பட்டம் கிடைத்தது.

ஐமாக்ஸ் இதே 70 எம்.எம். பிலிமைப் படுக்கப் போட்டது. அவ்வளவுதான், ஆனால் அதற்குள் எல்லாமே மாறிவிட்டது. சாதாரண 70இல் ஒரு சட்டத்துக்கு (பிலிமில் ஒரு படக்கட்டம்) ஓரத்தில் ஐந்து துளை. ஐமாக்ஸில் பிலிம் பக்கவாட்டில் ஓடி ஒரு சட்டத்துக்குப் பதினைந்து துளை. பரப்பு மூன்று மடங்கு, 35உடன் பார்த்தால் ஒன்பது பத்து மடங்கு. இவ்வளவு பெரிய சட்டத்தை நொடிக்கு 24 தடவை வெடுக்கென்று இழுத்தால் பிலிம் கிழிந்துவிடும். ஓர் அவுஸ்திரேலியரின் யோசனைப்படி, மயிர்க்கொட்டி நகருவதுபோல் பிலிமை அலையாக உருட்டி விட்டார்கள். 1970 ஒசாக்கா கண்காட்சியில் முதல் காட்சி. அடுத்த வருடம் ரொறன்ரோவில் முதல் நிரந்தர மண்டபம்.

மருமகன் மனதில் இருந்தது இந்த ஐமாக்ஸ். ஆனால் சென்னையில் இருப்பது இது இல்லை. 'ஓப்பன்ஹைமர்' 2023இல் உலகம் முழுவதும் முப்பது தியேட்டரில்தான் இப்படிப் பிலிமில் ஓடியது; இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. ஒரு பிரதி 18 கிலோமீற்றர் நீளம், 270 கிலோ பாரம். மற்ற ஊர்களில் ஐமாக்ஸ் என்ற பெயரில் ஓடுவது 2008இல் இருந்து வந்த டிஜிற்றல் வகை. பிலிமில் படம் கிட்டத்தட்டச் சதுரம், உயரத்துக்கு 1.43 மடங்கு அகலம். டிஜிற்றலில் பெரும்பாலும் 1.90. அந்த உயரமும் ஐமாக்ஸுக்கென்று எடுத்த காட்சிகளுக்குத்தான் பயன்படும். சினிமாஸ்கோப் வடிவில் எடுத்த படம் அங்கும் மேலும் கீழும் கறுப்பு விட்டுத்தான் ஓடும்.

சென்னையில் நான் முன்பு ஒரு தடவை நடு வரிசையில் இருந்து எண்ணினேன். ஆறு முட்டி, ஏழுக்குக் கிட்ட. ஊரில் பழைய மாதிரி ஒற்றைத் திரை மண்டபம் ஒன்றில், நாற்பதடித் திரைக்கு முப்பத்தைந்து அடி தள்ளி இருந்து எண்ணியது ஆறு முட்டி. வித்தியாசம் ஒரு விசாவுக்குப் பெறுமதி இல்லை.

2013இல் ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் கட்டடம் திறந்ததோடு யாழ்ப்பாணத்துக்கும் ஏசி, மெத்தைக் கதிரை, பல திரைக் கலாசாரம் வந்தது. இப்படியான சின்ன மண்டபங்களில், எந்த ஊராக இருந்தாலும், ரிக்கெற் எடுக்க முதல் ஒன்றைப் பாருங்கள்: சினிமாஸ்கோப் படத்துக்குத் திரை பக்கவாட்டில் விரிகிறதா, அல்லது உயரத்தில் சுருங்குகிறதா? விரிந்தால் பழைய கறுப்புத் துணி விலகுகிற இனம். சுருங்கினால் அது பெரிய ரிவி. மெத்தைக் கதிரைக்காக நான் இரண்டு முட்டி விட்டுக்கொடுக்க மாட்டேன். மனைவி விட்டுக்கொடுப்பா, அவவுக்கு நாரிப்பிடிப்பு.

சென்னை உண்மையில் வெல்வது வெளிச்சத்திலும் ஒலியிலும். டிஜிற்றல் திரைக்கு 14 ஃபுட்-லாம்பேட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் வேண்டும் என்பது தொழில் நியமம். ஐமாக்ஸ்காரர் மண்டபத்துக்குள் மைக் வைத்து ஒலியை நாளும் சரிபார்ப்பார்கள். மற்ற இடங்களில் வெளிச்சமும் ஒலியும் முதலாளியின் மனசைப் பொறுத்தவை. நாட்டில் டொலர் இல்லாத 2022இல், பெயர் சொல்ல விரும்பாத ஒரு மண்டபத்தில், இரவுக் காட்சி முழுவதும் கரிச்சட்டிக்குள் ஓடியது. வில்லனா கதாநாயகனா அடி வாங்குவது என்று பக்கத்தில் இருந்தவர் என்னைக் கேட்டார். வெளியே வந்து விசாரித்தேன். "லாம்ப் மாத்தோணும் அண்ணை, சாமான் வரேல்லை" என்றான் பொடியன். ஆறு முட்டி இருந்து என்ன, ஆளைத் தெரியவில்லையே.

ஆகவே என் வரிசை இது. லாம்ப் நல்ல நிலையில் இருந்தால் ஊரில் ஒற்றைத் திரை மண்டபம், ஏழாம் எட்டாம் வரிசை, நடு. லாம்ப் மங்கல் என்று கேள்விப்பட்டால் சின்ன மண்டபம், முன்னுக்கு. ஐமாக்ஸுக்கென்றே எடுத்த படம் வந்து, சென்னையில் வேறு அலுவலும் இருந்தால், அதோடு சேர்த்து ஐமாக்ஸ். வீடு, இரண்டாம் தடவை பார்க்க.

மருமகன் அரைமனதோடு சம்மதித்தான். ஞாயிறு மட்னிக்கு இரண்டு பேரும் போய் எட்டாம் வரிசையில் இருந்தோம். விளக்கு அணைந்தது, படம் தொடங்கியது. அவன் ஒரு கண்ணை மூடிக் கையை நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினான். நாலாவது முட்டியில் பின்னுக்கிருந்து ஒரு குரல்: "தம்பி, கையைக் கீழ போடும், எங்களுக்குப் படம் தெரியேல்லை."