பழைய எண்டர்பிரைஸ் பாய்மரப் படகு: ஒன்பது வருடம் கட்டி மேய்த்த அனுபவம்

2016 ஆகஸ்டில் இந்தப் படகை வாங்கியது என் வீட்டுக்காரர். பராமரிப்பது நான். அதனால் இதில் பாய் விரித்துப் பறந்ததைவிட உப்புத்தாள் தேய்த்ததுதான் அதிகம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இவர் கல்லூரியில் என்சிசி கடற்படைப் பிரிவில் இருந்தவர். அங்கே ஓட்டிப் பழகியது எண்டர்பிரைஸ் ரகப் படகு. அதே ரகத்தில் பழசு ஒன்று விலைக்கு வருகிறது என்று காதில் விழுந்ததிலிருந்து மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. டிராலி, இரண்டு செட் பாய், ஒற்றைத் துடுப்பு எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய். 1980களில் மரைன் பிளைவுட்டில் கட்டியது. "முப்பது வயசு ஆனதை எதுக்குடா வீட்டுக்குக் கொண்டு வர்றே" என்று கேட்டார் மாமியார். பெரம்பூரில் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம். வீட்டுக்கு எங்கே கொண்டுவருவது? படகு சென்னைத் துறைமுகத்துக்குள் யாட் கிளப் மேட்டில் டிராலியில் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். எண்டர்பிரைஸ், இங்கிலாந்தின் ஜாக் ஹோல்ட் 1956இல் வடிவமைத்த படகு. நீளம் நான்கு மீட்டருக்குச் சற்று மேல். பெரிய பாயும் முன்பாயும் சேர்ந்து 10.5 சதுர மீட்டர். பாய் நீலமாக இருக்கும், அதுதான் அடையாளம். எங்களுடையது பத்தாம் வகுப்பு வரை ஒரே யூனிஃபார்ம் போட்ட பையனின் டிரவுசர் மாதிரி வெளுத்துப்போன நீலம். பலூன் போல உப்பும் மூன்றாவது பாய் கிடையாது, இடுப்பில் கம்பியை மாட்டிக்கொண்டு வெளியே தொங்கும் வித்தையும் கிடையாது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அது எவ்வளவு நிம்மதி என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆனால் இது இரண்டு பேருக்கான படகு. நாங்கள் இருவரும் மகளும் போகலாம். அவளுக்கு அப்போது ஆறு வயது, சென்டர்போர்டு (படகின் நடுவில் தண்ணீருக்குள் இறக்கும் பலகை) பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். இப்போது பதினைந்து. மூன்று பேர் ஏறினால் முழங்கால்கள் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன. மாமியார் இந்த ஒன்பது வருடத்தில் இரண்டே முறை ஏறினார். பெரிய பாயின் அடியில் குறுக்காக இருக்கும் கழி, பூம், தாழ்வாக வரும்; திரும்பும்போது எல்லோரும் குனிய வேண்டும். இரண்டாம் முறை அவர் குனியவில்லை. காற்று லேசாக இருந்ததால் ஒரு வீக்கத்தோடு போயிற்று. நாலு பேர் உட்கார்ந்து முறுக்கு சாப்பிட்டுக்கொண்டே போக வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை வாங்க வேண்டாம்.

சென்னையில் இந்த விளையாட்டு புதிதல்ல. ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பை 1911இல் தொடங்கியவர் அன்றைய துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். எல்லாம் துறைமுகச் சுவருக்குள்ளேயே நடப்பதால் ராஜாஜி சாலையில் தினமும் போய்வருகிறவர்களுக்குக்கூடத் தெரிவதில்லை. வாசலில் பாஸ் காட்டி, கன்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி உள்ளே போனால் ஊரே வேறு மாதிரி இருக்கும். தண்ணீரிலிருந்து பார்க்கும்போது உயர் நீதிமன்றத்தின் குவிமாடம் முன்னால் வந்து நிற்கும். 1894 முதல் 1977 வரை அந்தக் கோபுரம்தான் கலங்கரை விளக்கம். இப்போதைய விளக்கம் தெற்கே மெரினாவில் சிவப்பு வெள்ளைப் பட்டையோடு நிற்கிறது. இந்த இரண்டையும் பார்த்து எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிக்கும் வேலையை மகளிடம் கொடுத்திருந்தோம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை அதிர்ஷ்டம் இருந்தால் பங்குனி ஆமை ஒன்று மூச்சுவிடத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போகும். அந்த மூன்று மாதம்தான் எனக்குப் பிடித்த காலம்.

காற்றைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். கோடையில் மதியவாக்கில் கடல்காற்று தென்கிழக்கிலிருந்து வந்துவிடும். ஊர் வெயிலில் வெந்துகொண்டிருக்க, நாங்கள் கொண்டுபோன துண்டைப் போர்த்திக்கொள்வோம். காற்றின் வேகம் பத்து நாட் (கடல் மைல் கணக்கு) வரை மூவரும் போவோம். பதினைந்துக்குப் பக்கம் என்றால் பெரியவர்கள் இருவர் மட்டும். அதற்கு மேல் என்றால் டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். கவனமாக இருக்க வேண்டியது மே கடைசியும் ஜூனும். மேற்கிலிருந்து வரும் மேல்காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கடல்காற்று தாமதமாக வரும், சில நாள் வராமலேயே போகும். கரைப்பக்கம் தண்ணீர் தகடு மாதிரி இருக்கும், பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று. ஏதாவது உடைந்தால் வங்காள விரிகுடாதான். அந்த நாட்களில் அலைதடுப்புச் சுவரைத் தாண்டுவதில்லை. கப்பல் வரும்போது வழியில் நிற்பதில்லை. கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை எங்கள் மூவர் போனிலும் போட்டு வைத்திருக்கிறோம். ஐப்பசி பிறந்தால் பாயை மடித்து உள்ளே வைத்துவிடுவோம்.

சரி, பராமரிப்பு.

வாங்கிய நாலே மாதத்தில் வர்தா புயல். 2016 டிசம்பர் 11ஆம் தேதி மாலை போய்ப் பாய்மரத்தை இறக்கி, படகைக் கவிழ்த்துப்போட்டு, மணல் மூட்டைகளோடு கட்டிவிட்டு வந்தோம். மறுநாள் ஊர் முழுக்க மரங்கள் விழுந்தன. படகின் மேல் ஒரு கிளை கீறியதோடு சரி. அடுத்த மாதக் கடைசியில் எண்ணூர் பக்கம் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. வெளியே போய்வந்த ஒரு நாள் வெள்ளை அடிப்பாகமெல்லாம் கறுப்புப் பிசுக்கு. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தே என் தோள்பட்டை போயிற்று. இவ்வளவுக்கும் தாங்கிய படகு, இனி எதற்கும் அசையாது என்று நினைத்துக்கொண்டேன்.

அதைச் சாய்த்தது ஊரடங்கு. 2020 மார்ச்சில் தார்ப்பாயால் மூடிவிட்டு வந்தவர்கள் 2021 பிப்ரவரியில்தான் போய்ப் பார்த்தோம். நடுவில் நிவர் புயல் மழை வேறு. தார்ப்பாய் நடுவில் தொய்ந்து கிழிந்து, படகுக்குள் முழங்கால் பாதிக்குத் தண்ணீர், அதில் கொசுப்புழு. பின்பலகையின் அடிப்பகுதியில் ஸ்குரூ டிரைவர் பிஸ்கட்டில் போவது போலப் போயிற்று.

காசிமேட்டில் பழைய மரப்படகு வேலை தெரிந்த அண்ணன் ஒருவரை அழைத்துவந்தோம். ஸ்குரூ டிரைவர் பிடியால் அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல மரம் 'டக்' என்கிறது, உளுத்தது 'தொப்' என்கிறது. பத்து நிமிடத்தில் எனக்கே காது பழகிவிட்டது. "உப்புத்தண்ணி மரத்த ஒண்ணும் பண்ணாது டீச்சர். மழத்தண்ணிதான் தின்னும்" என்றார். நான் வேதியியல் ஆசிரியை. இது எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். மரத்தை உளுக்க வைப்பது பூஞ்சை. அதற்கு நல்ல தண்ணீரும் காற்றோட்டமில்லாத மூலையும் போதும். ஊறுகாய் ஏன் கெடுவதில்லை என்று வருடா வருடம் வகுப்பில் சொல்கிறவள், கடலுக்குப் பயந்து படகை மூடி மூடி வைத்து மழைநீரில் ஊறவிட்டிருக்கிறேன்.

அவசரப்பட்டு நான் செய்த தப்பு ஒன்று உண்டு. பைபர் படகு ரிப்பேர் செய்கிற ஒரு மெக்கானிக், இரண்டே நாளில் முடித்துத் தருகிறேன் என்று சாதாரண பாலியஸ்டர் ரெசினையும் கண்ணாடியிழை விரிப்பையும் போட்டு ஒட்டிவிட்டார். பைபர் மேல் அது பிரமாதமாகப் பிடிக்கும்; மரத்தின் மேல் அந்தப் பிடி இல்லை. ஈரம் வேறு உள்ளே மாட்டிக்கொண்டது. ஒரு வருடத்தில் தோசை மாதிரி உரிந்து வந்தது. மரப் படகுக்கு எபாக்சிதான், இரண்டு திரவத்தைக் கலந்து இறுகவிடும் பசை. விலை அதிகம்தான், இரண்டு முறை செலவழிப்பதற்கு அது மேல்.

2022 பிப்ரவரியில் திரும்ப முதலிலிருந்து. ஐஎஸ் 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட் ஒரு ஷீட். முத்திரையை மட்டும் நம்ப மனமில்லாமல் ஒரு துண்டை வெட்டி அடுப்பில் சட்டியில் கொதிக்கவிட்டேன். அந்தத் தரத்துக்குச் சோதனைக்கூடத்தில் 72 மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். என் சிலிண்டருக்கு அது கட்டுப்படியாகாது, எட்டு மணி நேரம் வைத்தேன். மாமியார் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடினார். ஏடு பிரியவில்லை. அதையே பயன்படுத்தினோம். பழைய பலகையும் புதியதும் சேரும் இடத்தை நேராக வெட்டி முட்டவிடக் கூடாது. கனத்தைப் போல எட்டு மடங்கு நீளத்துக்குச் சாய்வாகச் சீவி ஒட்ட வேண்டும். 6 மில்லிமீட்டர் பலகைக்கு 48 மில்லிமீட்டர் சாய்வு. சீவியது அண்ணன், ஒட்டியது நான்.

எபாக்சி பற்றிச் சென்னைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்தை நம்பாதீர்கள். அது குளிர்ந்த ஊருக்கான கணக்கு. முதல் கலவையை 200 கிராம் ஒரே மக்கில் கலந்தேன். ஐந்தாறு நிமிடத்தில் மக் கையைச் சுட்டு, புகை வந்து, உள்ளே கல்லாகிவிட்டது. குவியலாக இருந்தால் அது தன் சூட்டிலேயே வேகம் பிடிக்கும். இப்போது 50 கிராமுக்கு மேல் கலப்பதில்லை, கலந்தவுடன் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிடுகிறேன். விகிதத்தைச் சமையலறைத் தராசில் எடை போட்டு எடுக்கிறேன், கண் அளவு இல்லை. காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரைதான் வேலை. புழுக்கம் அதிகமான நாளில் இறுகிய எபாக்சி மேல் மெழுகு மாதிரி ஒரு பிசுபிசுப்பு படரும். அதைத் தண்ணீரால் கழுவாமல் உப்புத்தாள் போட்டால் தாள் அடைத்துக்கொள்ளும், மேலே அடிக்கும் வார்னிஷும் பிடிக்காது. கழுவி, காயவைத்து, 80, 120, 220 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்து, இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற பாலியூரிதேன் வார்னிஷ் நாலு கை அடித்தேன். இங்கத்து வெயிலுக்கு வருடம் ஒருமுறை மேலே ஒரு கை கண்டிப்பாக வேண்டும்.

மரம் பளபளத்தது. அதில் மயங்கித்தான் அடுத்த தப்பு. பக்கப் பலகைகளுக்கு அடியில் காற்றடைத்த மிதவைப் பைகள் இருக்கின்றன. படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் காப்பவை அவைதான். கையால் அமுக்கிப் பார்த்தேன், கெட்டியாக இருந்தன, விட்டுவிட்டேன். ஜூலையில் துறைமுகத்துக்குள்ளேயே, இவரும் மகளும் போன நாளில், ஒரு திடீர்க் காற்றில் படகு கவிழ்ந்தது. கவிழ்வது பெரிய விஷயமில்லை, சென்டர்போர்டில் ஏறி நின்று நிமிர்த்திவிடலாம். நிமிர்ந்த படகு ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. இடப்பக்கப் பை ஒன்று சொம்பிப் போயிருந்தது. வாளியில் மொள்ள மொள்ள அந்தப் பக்க விளிம்பு வழியாகத் தண்ணீர் திரும்ப உள்ளே வந்தது. பக்கத்தில் போன பைபர் போட் ஒன்று கயிறு கொடுத்து இழுத்துவந்தது. காசு கொடுத்தால் வாங்கவில்லை. "பாப்பா பயந்துச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள். பாப்பா பயப்படவில்லை, கரையில் நின்ற நான்தான். இப்போது சீசனுக்கு முன் பைகளை ஊதி ஒரு ராத்திரி விட்டு, காலையில் அமுக்கிப் பார்க்கிறேன்.

மற்றவை சின்ன வேலைகள். அலுமினியப் பாய்மரத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவெட் இருக்கும் இடமெல்லாம் வெள்ளைப் பொடி கக்கும். இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவுகிறோம். அந்த நல்ல தண்ணீர் படகுக்குள் தேங்காமல் வடிய வேண்டும் என்பதுதான் இப்போது என் பைத்தியம். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை மாதம் ஒருமுறை பஞ்சால் உருவுவேன். இழை அறுந்திருந்தால் பஞ்சு மாட்டும். ஒரு முறை மாட்டியது, இரு பக்கமும் சேர்த்தே மாற்றினோம். காற்று கூடினால் பாயைச் சுருக்கிக் கட்ட ஷாமியானா தைக்கிற கடையில் ஒரு வரிசைக் கண்கள் வைத்துத் தைத்தோம். அழகாக இல்லை, வேலை செய்கிறது.

கிளப் சந்தா போக, சாதாரண வருடம் 12,000 முதல் 15,000 வரை ஆகிறது. 2022இல் மட்டும் 38,000. படகின் விலையைக் கிட்டத்தட்டத் திரும்பக் கொடுத்த மாதிரிதான். புதிதாக வாங்குகிறவர்களுக்கு மரப்படகைச் சொல்வேனா என்றால், வீட்டில் உப்புத்தாள் பிடிக்க ஒரு ஆள் இருந்தால் சொல்வேன். இல்லையென்றால் பைபர். எண்டர்பிரைஸின் அடிப்பாகம் தட்டையான பலகைகளை மடிப்பு மடிப்பாகச் சேர்த்துக் கட்டியது, வளைவான படகைவிட ஒட்டுப்போட எளிது. என்னைப் போல ஒருத்தி செய்ய முடிந்ததற்கு அதுதான் காரணம்.

கரையில் இருக்கும்போது மழைநீர் வடிய, பின்பலகையில் உள்ள இரண்டு ஓட்டைகளின் அடைப்பான்களைக் கழற்றி, அணியப் பக்கத்தைத் தூக்கி நிறுத்துகிறோம். கழற்றிய அடைப்பான்கள் தொலைந்துவிடக் கூடாது என்று வீட்டுக்கு எடுத்துவந்து சாவி மாட்டும் ஆணியில் தொங்கவிடுவேன். போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எலுமிச்சைச் சாதம், தயிர்சாதம், மாமியார் சகிதம் கிளம்பி, பாஸ் காட்டி, பாய் ஏற்றி, டிராலியைத் தண்ணீர் வரை தள்ளியும் ஆயிற்று. அப்போது மகள் கேட்டாள், "அம்மா, அடைப்பான் எங்கே?" பெரம்பூரில், ஆணியில். இவர் துணியைச் சுருட்டி அடைக்கலாமா என்று பார்த்தார், நான் விடவில்லை. டிராலியிலேயே படகுக்குள் நால்வரும் ஏறி உட்கார்ந்தோம். மாமியார் இந்த முறை பூமை ஒரு கையால் பிடித்துக்கொண்டே சாப்பிட்டார்.