நீல இண்டஸ்ட்ரியல் இன்லெட்: கோத்தகிரியில் ஒன்று, ஊட்டியில் ஒன்று, மூன்று மழைக்காலம்

காற்று மழையில் ஒரு கற்பூர மரம் லைன் மேல் சாய்ந்தால் கரண்ட் திரும்ப ஒரு நாள் ஆகலாம், ரெண்டு நாளும் ஆகலாம். அதனால் மலையில் பாதி வீட்டில் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் உண்டு. அதை வீட்டு லைனோடு சேர்க்கும் விதம்தான் பயமுறுத்துகிறது. "அண்ணா, வயர்ல ரெண்டு பக்கமும் பிளக் போட்டுக் குடுங்க" என்று எலக்ட்ரிக்கல் கடையில் இன்றும் கேட்கிறார்கள். ஒரு பக்கம் ஜெனரேட்டரில் செருகியிருக்க, மறு பக்கம் கழன்றால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின்னில் 230 வோல்ட். மெயினை ஆஃப் செய்ய மறந்தால் அதே கரண்ட் தெரு லைனுக்கு ஏறி, கம்பத்தில் வேலை செய்பவரைத் தாக்கும்.

சரியான வழி, ஆண் பின்கள் சுவர் இன்லெட்டில் (ஜெனரேட்டர் கரண்ட் வீட்டுக்குள் வரும் பெட்டி), பெண் கனெக்டர் கேபிள் நுனியில். இன்லெட்டுக்குப் பின்னால், மெயின் அல்லது ஜெனரேட்டர் என ஒன்றை மட்டும் வீட்டோடு சேர்க்கும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச். ரெண்டு ஊரிலும் நாங்கள் போட்டது தொழிற்சாலை பிளக்குகளுக்கான ஐஇசி 60309 தர வகை, 3 பின், 32 ஆம்பியர் நீலம். கோத்தகிரியில் இறவாரத்துக்கு அடியில், நீர்த் தெறிப்பைத் தாங்கும் ஐபி 44. ஊட்டியில் முதலில் திறந்த சுவரில், வளையம் திருகிப் பூட்டினால் நீரில் மூழ்கினாலும் தாங்கும் ஐபி 67. கடைக்காரர் இரண்டாவதைத்தான் உசத்தி என்பார். மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு எங்கள் ஓட்டு முதலாவதுக்கு.

காரணம் மழை இல்லை, பனிமூட்டம். பகலில் வெயில் பட்டு பெட்டிக்குள் காற்று விரிந்து வெளியேறும். இரவு குளிர்ந்ததும் வெளியே இருக்கும் ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் டெர்மினலில் முத்து முத்தாகப் படியும். இறுக்கமாக மூடிய பெட்டியில் வந்த நீர் போக வழியே இல்லை. ஊட்டி இன்லெட்டை முதல் மழைக்காலம் முடிந்து திறந்தபோது அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர், எர்த் ஸ்க்ரூவில் பச்சைக் களிம்பு. கோத்தகிரிப் பெட்டியில் அடிப்பக்கம் 5 மி.மீ. ஓட்டை போட்டு, எறும்பு ஏறாமல் கொசுவலைத் துண்டு வைத்திருந்தோம். உள்ளே காய்ந்தே இருந்தது. இன்னொன்று: ஐபி 67 என்பது வளையத்தைக் கடைசிவரை திருகியிருந்தால்தான். கேபிளைக் கழற்றிவிட்டு மூடியைத் திருகாமல் விட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

ஊட்டியில் அதனால் இன்லெட்டை மாற்ற வேண்டி வந்தது. ஜெனரேட்டரைக் கழற்றி, மெயினை ஆஃப் செய்து, டெஸ்டரோடு நிற்காமல் மீட்டரில் பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுக்கும் இடையே பார்த்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். பழைய வயர் நுனி கறுத்திருந்தால் பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டுங்கள். ஒரு சாண் போயும் கறுப்பு என்றால் வயரையே மாற்றுவதுதான் வழி. பிறகு வெளி உறையை 4 செ.மீ., ஒவ்வொரு இழையையும் 10 மி.மீ. உரிக்க வேண்டும். எர்த் இழை மட்டும் மற்ற இரண்டை விட ஒரு செ.மீ. நீளமாக இருக்கட்டும், யாராவது கேபிளை இழுத்தால் அது கடைசியாகத்தான் பிடுங்கும்.

பல இழை வயரை அப்படியே ஸ்க்ரூவுக்குள் திணிக்காதீர்கள். ஈயம் பூசியும் வைக்காதீர்கள். ஸ்க்ரூ அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல நசுங்கி விலகும், இறுக்கம் போய்விடும். 4 ஸ்கொயர் எம்.எம். (செம்பின் குறுக்குப் பரப்பு) வயருக்கான பின் லக், அதாவது இழைகளை ஒன்றாகப் பிடிக்கும் உலோக முனை, அதை நசுக்கிப் பொருத்தும் கிரிம்பிங் டூல், அவ்வளவுதான். கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் அதைப் பிடிக்கும் கிளாண்ட் வெளி உறையைக் கவ்வ வேண்டும், உள் இழைகளை அல்ல. முடித்ததும் ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பாருங்கள்.

டெர்மினல் இறுக்கத்தில்தான் பெரும்பாலான கோளாறு பிறக்கிறது. தளர்ந்த ஒரு டெர்மினலில் 0.1 ஓம் இருந்தால் போதும். 20 ஆம்பியர் ஓடும்போது அங்கே 40 வாட் சூடு. பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு சால்டரிங் அயர்ன் வைத்த மாதிரி. புது இணைப்பு போட்டு ஒரு மாதத்தில் ஸ்க்ரூவை மறுபடி இறுக்குங்கள், பெரும்பாலும் கால் திருகாவது ஏறும். அப்புறம் ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதக் கடைசியில்.

32 ஆம்பியர் எதற்கு என்று கேட்கலாம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்று மெலிவதால் 300 மீட்டருக்கு ஏறக்குறைய 3.5 சதவீதம் என்று இன்ஜின் சக்தி குறையும். 5 கேவிஏ ஜெனரேட்டர் இங்கே முக்கால்வாசிதான் தரும், சுமார் 16 ஆம்பியர். 2 கிலோவாட் கீசரும் அதே அளவு ரூம் ஹீட்டரும் சேர்ந்தாலே 17 ஆம்பியர் தாண்டும். ஆக 16 ஆம்பியர் கனெக்டர் எப்போதும் விளிம்பிலேயே ஓடும். பெரியதில் டெர்மினல் அகலம், சூடு குறைவு. 20 மீட்டர் கேபிளுக்கு 4 ஸ்கொயரில் 20 ஆம்பியருக்கு 4 வோல்ட்தான் இறங்கும், 2.5 ஸ்கொயரில் 6 வோல்ட்டுக்கு மேல். கேபிள் ரப்பராக இருக்கட்டும். உறைபனி இரவில் பிவிசி குச்சி மாதிரி விறைத்து கிளாண்டை நெம்புகிறது.

எலக்ட்ரீஷியன்களே தவறவிடும் ஒன்று. சின்ன ஜெனரேட்டர்கள் பெரும்பாலானவற்றில் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் மிதக்கும். அப்படியிருந்தால் ஷாக் அடித்தாலும் ஆர்சிசிபி (கசிவு கரண்டைக் கண்டால் லைனை வெட்டும் ஸ்விட்ச்) விழாது. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் மட்டும் டக்கென்று விழும், ஏனென்றால் அந்தப் பட்டனுக்கு எர்த்தே தேவையில்லை. அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஜெனரேட்டர் பக்கம் ஒரே ஒரு இடத்தில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்து, எர்த் கம்பியும் அடிக்க வேண்டும். சேஞ்ச்ஓவர் பேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் 2 போல் வகையாக இருந்தாக வேண்டும். இதை லைசென்ஸ் உள்ளவரிடம் விடுங்கள்.

இப்போது ஊட்டியிலும் ஐபி 44, வாய் கீழ்நோக்கி, மேலே தகரக் கூரை, கேபிள் பெட்டிக்கு வருமுன் ஒரு வளைவு தொங்கி நீர் அங்கேயே சொட்டும்படி. மூடியின் ஸ்ப்ரிங் மட்டும்தான் பலவீனம். குரங்குகள் அதைத் தூக்கிப் பார்த்தே தளர்த்திவிட்டன. சைக்கிள் ட்யூபில் ஒரு பட்டை வெட்டி மாட்டியிருக்கிறோம்.