காந்தம் ஒட்டவில்லை, அதை நம்பித்தான் ஏமாந்தேன்

மலேசியாவில் பந்திங் பக்கம் வீட்டுக்கு கேட், கிரில் போடப் போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

போன தீபாவளிக்கு முன்னால் வாசல் கேட்டை மாற்றினோம். பழைய இரும்பு கேட்டுக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடித்து அப்பாவுக்கு அலுத்துவிட்டது. தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த பணத்தை எடுத்துக் கொடுத்து, "இனி துரு என்ற பேச்சே வேண்டாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே போட்டுடு" என்றார். வந்தவர் நம்ம ஆள்தான். 304 ரகம், 4,800 வெள்ளி (ரிங்கிட்) என்றார். 304 என்று எப்படி நம்புவது என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் குழாயில் வைத்தார். ஒட்டாமல் கீழே விழுந்தது. "பார்த்தீங்களா அண்ணே, அசல்!" நானும் தலையாட்டினேன்.

நாலே மாதம். வெல்டிங் ஓரங்களில் தேத்தண்ணிக் கறை மாதிரி பழுப்பு. துடைத்தால் போகும், இரண்டு வாரத்தில் திரும்ப வந்து நிற்கும். அப்புறம் கீழ்க்குழாயில் விரல் வைத்தால் சொரசொரவென்று குழிகள். போன் போட்டால், "மோரிப் கடல் காத்து அண்ணே, தேங்காய் எண்ணெய் தடவுங்க" என்கிறார்.

மிஞ்சிய ஒரு துண்டுக் குழாயைப் பழைய இரும்புக் கடைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த சீன அங்கிள் ஒரு சொட்டு மருந்து விட்டு, சின்ன பேட்டரியைத் தொட்டு வைத்தார். சொட்டு சிவந்துவிட்டது. "இது 201 லா" என்று சிரித்தார். சிவப்பு வந்தால் மாங்கனீசு அதிகம் என்று அர்த்தமாம்.

அதற்கப்புறம்தான் விஷயம் புரிந்தது. 304-இல் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். நிக்கல் விலை அதிகம். அதனால் 201 என்ற மலிவு ரகத்தில் நிக்கலை ஐந்து சதவீதத்துக்குப் பக்கமாகக் குறைத்துவிட்டு மாங்கனீசைச் சேர்க்கிறார்கள். காந்தம் ஒட்டாமல் செய்வதில் மாங்கனீசும் நிக்கல் மாதிரியே வேலை செய்யும். ஆக, காந்தச் சோதனையில் 201-உம் பாஸ், 304-உம் பாஸ். இன்னொரு கூத்து: வளைத்த இடத்தில் நல்ல 304-இலேயே காந்தம் லேசாக இழுக்கும். எவர்சில்வரைக் காப்பது மேலே கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் குரோமிய ஆக்சைடுப் படலம். கீறினாலும் தானே மூடிக்கொள்ளும், ஆனால் உப்புக் காற்று அதைத் துளைத்துவிடும். 201 அந்த உப்பைத் தாங்காது. நியாயமாகச் சொன்னால், கடலை ஒட்டியே வீடு என்றால் 304-உம் கறை பிடிக்கும். அங்கே மாலிப்டினம் கலந்த 316 கேட்க வேண்டும். அவர் கடல் காற்றைக் குறை சொன்னதில் பாதி உண்மை. ஆனால் நான் காசு கொடுத்தது 304-க்கு!

என் தப்பும் உண்டு. பில்லில் "எஸ்எஸ் கேட்" என்று மட்டும் எழுதியிருக்கிறது, நம்பரே இல்லை. கேட் போட்டவரிடம் இது 201 என்று சொன்னபோது, "நான் எங்கே 304 என்று எழுதிக் கொடுத்தேன்?" என்று திருப்பிக் கேட்டார். நல்லவேளை, விலை பேசிய வாட்ஸ்அப்பில் 304 என்று அவரே அடித்திருந்தார். அதைப் பிரிண்ட் எடுத்து, 5 வெள்ளி கட்டி, பயனீட்டாளர் கோரிக்கை தீர்ப்பாயத்தில் மனு போட்டுவிட்டேன். 50,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வக்கீல் தேவையில்லை.

விசாரணைக்கு இன்னும் கூப்பிடவில்லை. நேற்று பக்கத்து வீட்டு அக்கா படிக்கட்டுக் கைப்பிடிக்கு விலை கேட்க யாரையோ வரச் சொல்லியிருக்கிறார். எட்டிப் பார்த்தால் அதே ஆள், கையில் அதே காந்தம்.