கியர் காருக்கு ரிமோட் ஸ்டார்ட்டர் போடப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

தென்னாப்பிரிக்காவில் ஜோஹன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியா பக்கம் இருக்கும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன். குளிர்காலம் வந்தாலே, வீட்டுக்குள் இருந்தபடியே என்ஜினைக் கிளப்பிக் காரைச் சூடாக்கும் ரிமோட் ஸ்டார்ட்டர் பேச்சும் வந்துவிடுகிறது. பணம் கட்டுவதற்கு முன் என் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

ஜோஹன்னஸ்பர்க் 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். ஜூன், ஜூலையில் விடியற்காலை காரின் முன்கண்ணாடி முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். என் மனைவிக்கு ஆறு மணிக்கு மருத்துவமனையில் டியூட்டி. இருட்டில் நின்று அவள் கண்ணாடியைச் சுரண்டுவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் ஒரு கடைக்குப் போனேன். எங்களுடையது கியர் கார் என்று முதலிலேயே சொன்னேன். "எல்லாக் காருக்கும் போடுவோம், பயப்படாதீங்க" என்றார்கள். 6,800 ரேண்ட். புரோகிராம் செய்ய வேண்டும் என்று இரண்டு சாவியையும் வாங்கிக்கொண்டு, மாலையில் காரோடு திருப்பிக் கொடுத்தார்கள்.

பதினொரு நாள் நன்றாகத்தான் ஓடியது. பன்னிரண்டாம் நாள் எங்கள் தெருவில் குப்பை எடுக்கும் நாள். முந்தின இரவு மச்சான் தன் பக்கியை (பின்னால் திறந்த சரக்குத் தொட்டி உள்ள வண்டி) வெளியே எடுக்க எங்கள் காரை நகர்த்தியிருக்கிறான். வாசல் கேட்டை நோக்கிச் சரிவு என்பதால் முதல் கியரில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். சரிவில் நிறுத்தும் யாரும் செய்வதுதான். காலையில் மாமனார் 240 லிட்டர் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போய் கேட்டருகே நிறுத்தினார். தாழ்ப்பாளை எடுக்க அவர் ஓரமாக நகர்ந்த நேரத்தில், உள்ளே அடுப்படியில் நின்று மனைவி ரிமோட்டை அழுத்தினாள்.

கார் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. தொட்டி கேட்டுக்கும் பம்பருக்கும் நடுவில் சிக்கிப் பிளந்துபோனது. கேட் தண்டவாளத்தை விட்டு விலகியது. மாமனாருக்கு 71 வயது. இரண்டடி தள்ளி, தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார். அன்று முழுவதும் அவர் அதிகம் பேசவில்லை.

கடைக்காரர் சொன்ன பதில்: "கியரில் விட்டது உங்க தப்பு." இரண்டு முறை போனேன், இரண்டு முறையும் இதே பதில்தான்.

பிறகு அனுபவமுள்ள ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினார். கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட்டர் சுற்ற வேண்டும். அதற்கென்று கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்ச் உண்டு. அதன் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். ஹேண்ட்பிரேக்குக்கும் கதவுக்கும் போக வேண்டிய வயர்கள் எங்கேயும் இணைக்கப்படாமல் சுருட்டிக் கிடந்தன. பானெட் திறந்திருந்தால் என்ஜின் கிளம்பாமல் தடுக்கும் சின்ன சுவிட்ச், "மிச்ச சாமான்" என்று அவர்கள் கொடுத்த பெட்டிக்குள் உறை பிரிக்காமல் இருந்தது. அதை நான் இழுப்பறையில் பத்திரமாக வைத்திருந்தேன்!

கியர் காரில் இதைச் சரியாகப் போடும் முறை ஒன்று உண்டு. காரை நிறுத்தும்போது நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக்கை இழுக்க வேண்டும். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிக் கதவைச் சாத்த வேண்டும். அதன் பிறகு என்ஜின் தானாக நிற்கும். ஆள் இறங்கிய பிறகும் என்ஜின் ஓடியதுதான் கியர் விழவில்லை என்பதற்குச் சாட்சி, அப்போதுதான் ரிமோட்டுக்கு அனுமதி கிடைக்கும். அதற்குப் பிறகு யார் கதவைத் திறந்தாலும் அந்த அனுமதி ரத்தாகிவிடும், ரிமோட் வேலை செய்யாது. மச்சான் காரை நகர்த்திய இரவே எங்கள் ரிமோட் செத்துப்போயிருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கடை தானாகச் சொல்லவில்லை என்றால், கியர் கார் வைத்திருப்பவர்கள் அங்கே உட்காரவே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்னை அதிகம் கொதிக்க வைத்தது இதுதான். இக்னிஷனைச் சுற்றியுள்ள வளையத்தில், புளியங்கொட்டை அளவில் ஒரு கருப்புச் சில்லு டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தது. வீட்டுக்கு வந்து ஸ்பேர் சாவியைப் பிரித்தேன். உள்ளே காலி. சாவியின் சில்லை அடையாளம் கண்டால்தான் வண்டியைக் கிளம்ப விடும் திருட்டுத் தடுப்புக் கருவியான இம்மொபிலைசரை ஏமாற்ற, என் சாவியின் சில்லையே கழற்றி அங்கே நிரந்தரமாக ஒட்டிவிட்டார்கள். பில்லில் இதற்கென்று தனியாக மாட்யூலுக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள்! சில்லு எப்போதும் வளையத்தில் இருப்பதால், வெட்டிய வெறும் இரும்புச் சாவி போதும், வண்டி கிளம்பிவிடும். கார் திருட்டு இவ்வளவு நடக்கிற ஊரில் பன்னிரண்டு நாளுக்கு மேல் எங்கள் கார் அப்படி நின்றிருக்கிறது. என் இன்ஷூரன்ஸ் பாலிசியில் இம்மொபிலைசர் வேலை செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. வண்டி காணாமல் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

ஆட்டோமேட்டிக் காரில் இந்தக் கியர் ஆபத்து குறைவு. ஆனாலும் டெலிவரி எடுக்கும்போது கடை வாசலிலேயே சோதியுங்கள். பானெட்டைத் திறந்து வைத்து ரிமோட்டை அழுத்துங்கள், கிளம்பக் கூடாது. சாவி போடாமல் ஓடும்போது பிரேக்கை மிதியுங்கள், அணைய வேண்டும். டீசல் வண்டியென்றால் என்ஜினுக்குள் சூடேற்றும் குளோ பிளக் சூடாகும்வரை பொறுத்துத்தான் ஸ்டார்ட் ஆக வேண்டும். ஸ்பேர் சாவியைக் கடைக்காரர் முன்னாலேயே பிரித்துப் பாருங்கள். மூடிய கராஜுக்குள் கார் நிறுத்துகிறவர்களுக்கு இந்தச் சாதனமே வேண்டாம் என்பேன். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, வீட்டுக்குள் புகுந்தாலும் தெரியாது.

2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 54ஆம் பிரிவு: செய்த வேலை தரமாக இல்லையென்றால் சரிசெய்து தரவோ, உரிய தொகையைத் திருப்பித் தரவோ கேட்கலாம். அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, படங்களோடு கடைக்கு எழுத்தில் கொடுத்தேன். அதுவரை அசைந்து கொடுக்காதவர்கள் நான்காம் நாள் கூலியை மட்டும் திருப்பித் தந்தார்கள். கேட் செலவு 4,200 ரேண்டுக்கு இன்னும் பதில் இல்லை. வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் மோட்டார் தொழில்துறை ஓம்பட்ஸ்மனுக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை அனுப்புகிறேன்.

சில்லு மறுபடி சாவிக்குள் போய்விட்டது. கண்ணாடியை இப்போது நான் எழுந்து சுரண்டுகிறேன்.