46 பீஸ் கால் இன்ச் சாக்கெட் செட்: ஏர் கிளீனர் பாக்ஸைக் கழற்றப் போதுமா?

ஃபில்டரை மட்டும் மாற்ற இந்தச் செட் தேவையில்லை (கால் இன்ச் என்பது சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு). பல கார்களில் மேல் மூடியின் கிளிப்பைத் தட்டிவிட்டாலே போதும். பாக்ஸை முழுசாக வெளியே எடுக்கத்தான் இது வேண்டும். அதற்கும் 46-ல் ஐந்தாறு உருப்படிதான் வேலைக்கு வரும்.

பாக்ஸைப் பிடித்திருப்பவை பெரும்பாலும் 10 நம்பர் (10 மி.மீ.) தலை போல்ட்கள். இதிலுள்ள 10 நம்பர் சாக்கெட் ஆறு முனை, துருவேறிய தலையையும் வழுக்காமல் கவ்வுகிறது. ஆனால் உயரம் போதாது. ஸ்டட்டில் (தலையில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் மரைக் கம்பி) நட் மாட்டியிருந்தால் சாக்கெட் நட்டு வரை இறங்காது. டீப் சாக்கெட் (உயரம் கூடியது) தனியாக வாங்க வேண்டும். வாங்கும்போது சாதா 10 நம்பரும் இன்னொன்று எடுத்துக்கொள்ளுங்கள், முதலில் தொலைவது அதுதான்.

சாக்கெட்டைத் திருப்பும் கைப்பிடியான ராட்செட்டுக்கு 72 பல். 5 டிகிரி அசைத்தாலே அடுத்த பல் பிடித்துவிடும். 24 பல் என்றால் 15 டிகிரி வேண்டும். ஃபெண்டர் ஓரத்து போல்டில் அவ்வளவு இடம் கிடைக்காது. எக்ஸ்டென்ஷன் (நீட்டிப்புக் கம்பி) முனையில் சாக்கெட்டைப் பிடிக்கும் சிறு குண்டுதான் பலவீனம். பிடிப்பு தளர்வு, சாக்கெட் நழுவி அடித்தட்டில் விழுகிறது. காந்தக் குச்சியும் செட்டில் இல்லை.

இக்னிஷனை அணைத்து, ஏர் ஃப்ளோ சென்சார் கனெக்டரின் லாக்கை அமுக்கிக் கழற்றுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். அடுத்தது ஹோஸ் கிளாம்ப். இதற்கு ஸ்க்ரூ டிரைவரைவிட, ஸ்பின்னர் கைப்பிடியில் (ஸ்க்ரூ டிரைவர் பிடி போன்றது, ராட்செட் பல் இல்லை) மாட்டிய சாக்கெட் எவ்வளவோ மேல். வளையும் எக்ஸ்டென்ஷனும் இங்கே மட்டும் போடுங்கள். இறுகிய போல்டில் போட்டால் அதுதான் முறுக்கிக்கொள்ளும். ஒட்டிப்போன ஹோஸை நெம்பாமல் திருகி எடுங்கள். அதில் கீறல் விழுந்தால் சென்சார் அளக்காத காற்று உள்ளே போய் ஐடிலிங் ஏறி இறங்கும். பிரீதர் ஹோஸையும் (இன்ஜின் ஆவி வரும் சிறு குழாய்) போல்ட்களையும் எடுத்த பிறகு பாக்ஸை நேராக மேலே தூக்குங்கள். அடியிலுள்ள முளைகள் ரப்பர் புஷ்ஷில் செருகியிருக்கும். திறந்த குழாய் வாயைப் பிசிறில்லாத துணியால் மூடி வையுங்கள்.

திரும்ப மாட்டும்போது ராட்செட்டைத் தொடவே வேண்டாம். சில பாக்ஸ்களில் போல்ட் இறங்குவது பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளை மரையில். அது சுற்ற ஆரம்பித்துவிட்டால் போல்ட் இறுகவும் செய்யாது, கழலவும் செய்யாது. விரலால் நாலைந்து சுற்று ஏற்றி, ஸ்பின்னரில் முடியுங்கள்.