'ஏஎன்ஏ பாசிட்டிவ்' என்ற ஒற்றை வரியை நம்பி ஸ்டீராய்டு ஆரம்பிக்காதீர்கள்

ஒரு தனியார் லேப் கொடுத்த ரிப்போர்ட். கைவிரல் வலி, அசதி, முடி உதிர்வு என்று போன பெண்ணிடம் 'மூட்டுவலி பேக்கேஜ்' என்று பணம் வாங்கியிருக்கிறார்கள். தாளில் இருந்தது இவ்வளவுதான்: 'ஏஎன்ஏ – 1.3 – பாசிட்டிவ்'. ஏஎன்ஏ என்பது நம் செல்களின் உட்கருவையே குறிவைக்கும் எதிர்ப்பணு. எந்த முறையில் பார்த்தார்கள், டைட்டர் (எத்தனை மடங்கு நீர்த்தும் தெரிகிறது) என்ன, பேட்டர்ன் (செல்லில் ஒளிரும் வடிவம்) என்ன, எதுவும் இல்லை. கவுன்டரில் இருந்தவரே "லூபஸா இருக்கலாம்" (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் நோய்) என்று சொல்லிவிட, மருந்துக்கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போட ஆரம்பித்துவிட்டார். இது அநியாயம்.

இப்படி தசமப் புள்ளியோடு வரும் எண் பெரும்பாலும் எலைசா என்ற, மெஷின் அளந்து எண்ணாகத் தரும் முறையில் வருவது. லூபஸ் சந்தேகத்துக்குக் கேட்க வேண்டியது 'ஐஎஃப்ஏ முறையில் ஏஎன்ஏ, டைட்டரும் பேட்டர்னும் சேர்த்து'. அதில் சீரத்தைப் படிப்படியாக நீர்த்து, ஹெப்-2 என்ற, லேப்பில் வளர்த்த மனித செல்கள்மேல் விட்டு, ஒளிர்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். 1:80 என்றால் 80 மடங்கு நீர்த்த பிறகும் ஒளிர்கிறது என்று பொருள். எந்த நோயும் இல்லாதவர்களிலேயே 100 பேரில் சுமார் 13 பேருக்கு 1:80 வரும், 5 பேருக்கு 1:160 வரும். தைராய்டு எதிர்ப்பணு உள்ளவர்களுக்கும் அடிக்கடி வரும். 2019 லூபஸ் வரையறையில் 1:80 வெறும் நுழைவுச்சீட்டு. அதற்குமேல் அறிகுறி, ரத்தம், சிறுநீரகம் எல்லாம் பார்த்து 10 புள்ளி சேர வேண்டும். பேட்டர்னும் முக்கியம். 'டென்ஸ் ஃபைன் ஸ்பெக்கிள்ட்' மட்டும் தனியாக வந்தால் நோய் இல்லாதிருக்கவே வாய்ப்பு அதிகம். 'சென்ட்ரோமியர்' வந்தால் தோல் இறுகும் நோயான ஸ்கிளீரோடெர்மாவை யோசிக்க வேண்டும்.

அந்த பேக்கேஜில் ஏஎஸ்ஓ இருந்தது, யூரின் டெஸ்ட் இல்லை! ஏஎஸ்ஓ என்பது முன்பு வந்த தொண்டைத் தொற்றின் தடம்; பெரியவர்களின் நாள்பட்ட மூட்டுவலிக்கு அதனால் பயனில்லை. அது 200-ஐத் தாண்டியதும் மாதாமாதம் பென்சிலின் ஊசி போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். லூபஸ் சிறுநீரகத்தை வலியே இல்லாமல் கெடுக்கும். அதைக் காட்டிக்கொடுப்பது மிகக் குறைந்த செலவில் முடிகிற சிறுநீர்ப் பரிசோதனையும், சிறுநீரில் புரதம் எவ்வளவு கசிகிறது என்று காட்டும் புரோட்டீன்–கிரியாட்டினின் விகிதமும்தான். கூடவே முழு ரத்த எண்ணிக்கை, கிரியாட்டினின். டிஎஸ்டிஎன்ஏ, சி3, சி4 என்ற லூபஸுக்கான கூடுதல் ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் டாக்டர் பார்த்த பிறகு போதும்.

முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ஆர்ஏ ஃபேக்டர் காசநோயிலும் ஹெபடைட்டிஸ் சியிலும் வயதானவர்களுக்கும் பாசிட்டிவ் ஆகும். உண்மையான முடக்குவாதத்தில் நெகட்டிவாகவும் இருக்கும். முடக்குவாதத்தை இன்னும் குறிப்பாகக் காட்டும் ஆன்டி-சிசிபி என்ற எதிர்ப்பணுவையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெளிவு.

முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனியுங்கள். 5, 10 மில்லிகிராம் அளவில் அது சில மெஷின்களில் தைராய்டுப் பரிசோதனையின் டிஎஸ்ஹெச்சைக் குறைத்தும் எஃப்டி4-ஐக் கூட்டியும் காட்டும். தைராய்டு அதிகம் சுரப்பது போலவே தெரியும். ரத்தம் கொடுப்பதற்கு 2, 3 நாள் முன்பே நிறுத்துங்கள், லேப்பிலும் சொல்லுங்கள்.

ஸ்டீராய்டு போட்டதும் வீக்கம் வடியும், அழற்சியைக் காட்டும் ரத்த அளவான சிஆர்பி இறங்கும். அதன்பின் போனால் வாதநோய் நிபுணருக்குத் தொட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சாது. லேபிள் இல்லாத மூட்டுவலிப் பொடிகளிலும் இதே ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. ஏற்கெனவே சில வாரம் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள், உயிருக்கே ஆபத்து. மாத்திரை அட்டையோடு டாக்டரிடம் போய்ப் படிப்படியாகக் குறையுங்கள். சிறுநீர் நுரைத்தாலோ, முகமும் காலும் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.